துட்டி வீட்டுக் கோலம்

"இடைவேளை வரைக்கும் ஒருத்தர் அசையலம்மா," என்றான் கலியமூர்த்தி.

"பொறவு?" என்று கேட்டாள் உலகம்மை.

"அப்புறம் ஒவ்வொருத்தரா எழுந்து போயிட்டாங்க."

"எங்க போனாவ?"

"வீட்டுக்குத்தான்."

"வீட்டுக்குப் போறது நல்ல காரியந்தான அண்ணாச்சி?"

கலியமூர்த்திக்குச் சுருக்கென்றது. சென்னையிலிருந்து விடிய விடிய பஸ்ஸில் குலுங்கி வந்தது இதைக் கேட்கவா?

தென்காசிக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அந்த மடம். உலகம்மைதான் அங்கே குரு. குரு என்றால் தாடியும் தடியுமாக ஒரு கிழவர் இருப்பார் என்று எண்ணிக்கொண்டு வந்தவன் அவன். இங்கே பார்த்தால் முந்தானையை இடுப்பில் செருகி, அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து, புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள் ஒரு பெண். அவனைவிடப் பத்து வயதாவது இளையவள். இவளிடம் போய் என்னத்தைக் கேட்பது என்று ஆகிவிட்டது அவனுக்கு.

ஆனால் அனுப்பி வைத்தவர் தயாரிப்பாளர் பால்வண்ணம். தட்ட முடியாது.

கலியமூர்த்தி சினிமா டைரக்டர். உதவி டைரக்டராகவே இருந்து காதோரம் நரைத்து, இப்போதுதான் முதல் படம். திகில் படம். போன வாரம் விநியோகஸ்தர்களைக் குடும்பத்தோடு கூப்பிட்டுப் போட்டுக் காட்டினார்கள். முதல் பாதியில் தியேட்டரில் இருமல் சத்தம்கூட இல்லை. இடைவேளையில் ஓடி வந்து கலியமூர்த்தியின் கையைக் குலுக்கினார்கள். ஒருவர் கட்டிப்பிடித்தே விட்டார். இரண்டாம் பாதியில் அதே மனிதர் செல்போனை எடுத்து யாருக்கோ மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். பாவம், கலியமூர்த்தி எல்லாவற்றையும் பின் வரிசையில் நின்று பார்த்தான்.

மறுநாள் பால்வண்ணம் கூப்பிட்டு விட்டார்.

"வியாழக்கிழமை வரைக்கும் டைம் தர்றேன்யா. இடைவேளைக்கு அப்புறம் என்னன்னு உருப்படியா ஒரு கதை சொல்லு. இல்லேன்னா மிச்சத்தை வேற டைரக்டர் எடுப்பான். போஸ்டர்ல உன் பேர் இருக்காது. அதுக்கு முன்னாடி தென்காசிப் பக்கம் ஒரு அம்மா இருக்காங்க, போய்ப் பாரு. எனக்கு மண்டை குழம்பினா நான் அங்கதான் போவேன்."

அப்படி வந்து சேர்ந்ததுதான் இந்தத் திங்கட்கிழமை.

"கதையைச் சொல்லுங்க, கேப்போம்," என்றாள் உலகம்மை. கண்ணில் அப்படி ஓர் ஆவல். டிக்கெட் எடுத்துவிட்டு உட்கார்ந்தவள் மாதிரி இருந்தாள்.

கலியமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தான். கதை சொல்லச் சொன்னால் அவனுக்குப் பசி, தூக்கம் எதுவும் தெரியாது.

"பூரணின்னு ஒரு பொண்ணும்மா. புருஷன் வேலை விட்டு வரும்போது வேன் அடிச்சு செத்துப்போயிட்டான். வீட்டுல இவ தனியா இருக்கா. சாவு வீடு, அதனால வாசல்ல கோலம் கிடையாது."

"துட்டி வீட்டுல எப்படிக் கோலம் போட?"

"அதான். அவளும் போடல. ஒருநாள் காலைல கதவைத் திறக்கிறா. வாசல்ல கோலம்."

புளியில் இருந்த கை நின்றது.

"யாரு போட்டா?"

கலியமூர்த்திக்கு உள்ளுக்குள் ஜில்லென்றது. ஆள் மாட்டிக்கொண்டாள்!

"அவளுக்கும் தெரியலம்மா. தண்ணி ஊத்திக் கழுவி விடுறா. மறுநாள் கதவைத் திறந்தா, மறுபடியும் கோலம். அக்கம்பக்கம் எல்லாரையும் கேக்கறா. சாவு வீட்டு வாசல்ல நாங்க எதுக்குக் கோலம் போடப் போறோம்னு அவளையே திட்டறாங்க. ஒருநாள் ஜன்னல்கிட்ட கண் முழிச்சு உக்கார்றா. விடியற நேரம், கண்ணு ஒரு தடவை சொக்குது. முழிச்சா..."

"கோலமா?"

"கோலம்!"

"அடப்பாவி!" உலகம்மை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். "பொறவு?"

"பயந்துபோய் கதவு, ஜன்னல், கொல்லைப்பக்கம் எல்லாத்தையும் உள்பக்கமா தாழ் போட்டுட்டுப் படுக்கறா. காலைல எழுந்து கட்டில்லேர்ந்து காலை இறக்கறா. உள்ளங்கால்ல வெள்ளையா மாவு. குனிஞ்சு பார்த்தா, கட்டிலைச் சுத்திக் கோலம்."

"ஐயோ!" புளிக்கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள் உலகம்மை.

"இடைவேளை," என்றான் கலியமூர்த்தி.

"இடைவேளையாவது ஒண்ணாவது! யாரு போட்டான்னு சொல்லுங்க அண்ணாச்சி."

சொன்னான். அந்தத் தெருவில் ஒரு டாக்டர். சின்ன வயதில் அவனுடைய அம்மா கோலப்பொடி டப்பாவாலேயே அவனை அடித்து வளர்த்திருக்கிறாள். அதில் மனசு பேதலித்து, வளர்ந்தபிறகு தனியாக இருக்கும் பெண்களுக்கெல்லாம் கோலம் போட்டுப் பயம் காட்டுகிறான். கடைசியில் பூரணியைப் பழைய இரும்புக் கிடங்குக்குத் தூக்கிக்கொண்டு போகிறான். போலீஸ் வருகிறது. சண்டை. தீ.

சொல்லிக்கொண்டே இருக்கும்போது கலியமூர்த்தி கவனித்தான். உலகம்மையின் கை மறுபடியும் புளிக்குப் போய்விட்டது. தீப்பிடிக்கும் இடத்தில் ஒரு கொட்டாவியும் விட்டாள்.

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள்.

சாட்டையால் அடித்த மாதிரி இருந்தது. தியேட்டர் வாசலில் ஒரு மனிதர் செருப்பைத் தேடிக்கொண்டே இதே வார்த்தையைத்தான் சொல்லிவிட்டுப் போனார்.

"பயங்காட்ட நெனச்சவன் கல்லை விட்டு எறிஞ்சா போதுமே," என்றாள் அவள். "மாவை எடுத்துட்டு வந்து, குனிஞ்சு, புள்ளி வச்சு, இழை இழுத்து... எம்புட்டு வேலை!"

"டாக்டர் வேண்டாம்மா, விட்டுடலாம். வேற ஆளும் யோசிச்சு வச்சிருக்கேன். மாமியார் போட்டதா இருக்கலாம். தங்கச்சி போட்டதா இருக்கலாம். செத்துப்போன புருஷன் சாகவே இல்லைன்னு வச்சுக்கலாம். பூரணியே தூக்கத்துல எழுந்து போட்டான்னுகூட வச்சுக்கலாம். ஒவ்வொண்ணையும் ஒவ்வொருத்தர்கிட்ட சொல்லிப் பார்த்துட்டேன். எதைச் சொன்னாலும் மூஞ்சி தொங்கிப் போயிடுது." குரல் கம்மிவிட்டது அவனுக்கு. "எனக்கு இது ஒண்ணுதாம்மா படம். இது போச்சுன்னா என்னை யாரும் கூப்பிட மாட்டாங்க. நீங்களாவது சொல்லுங்க. அந்தக் கோலத்தை யார் போட்டாங்க?"

"எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப நான் என்னதான் செய்யறது?"

"இருந்துட்டுப் போங்க."

"இருந்தா தெரிஞ்சுடுமா?"

"இருந்தா மத்தியானமும் சாயங்காலமும் சோறு கெடைக்கும். தெரியுமாங்கிறது தெரியாது," என்று சொல்லிவிட்டுப் புளியை அள்ளிக்கொண்டு எழுந்தாள்.

இருந்தான். வேறு போக்கிடம் ஏது?

தோட்டத்தை ஒட்டி ஓர் ஓட்டு அறை கொடுத்தார்கள். செல்போனுக்கு டவர் கிடையாது. வேண்டுமானால் மேலே பஸ் நிற்கும் ரோட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம். சமையல்கட்டுப் பிச்சம்மாளிடம் காலையில் என்ன சாப்பாடு என்று விசாரித்தான். மடத்தில் காலையில் அடுப்பு மூட்டுவதில்லை என்றாள். காபி? அவள் சிரித்தாள்.

காலையில் ஒரு வாய் காபி இல்லாமல் என்ன பெரிய ஞானம், என்று முனகிக்கொண்டே படுத்தான்.

செவ்வாய்க்கிழமை விடிந்தது. குடலைப் பிடுங்கும் பசி. கதவைத் திறந்தான்.

வாசலில் ஒரு தூக்குச்சட்டி.

பளபளவென்று தேய்த்த எவர்சில்வர். மூடி இறுக்கி மூடியிருந்தது. மேலே ஈரத் துண்டு ஒன்றை மடித்துப் போட்டிருந்தது. இந்தப் பக்கம் பார்த்தான், ஆள் இல்லை. அந்தப் பக்கம் பார்த்தான், ஆள் இல்லை.

கலியமூர்த்திக்குப் பசி பறந்துவிட்டது.

ஆகா, ஆரம்பித்துவிட்டார்கள்!

வேறு யாராவது என்றால் உடனே மூடியைத் திறந்திருப்பார்கள். கலியமூர்த்தி அப்படிப்பட்ட ஆள் இல்லை. முதலாவது, இது குரு வைக்கும் பரீட்சை. அவசரப்பட்டுத் திறந்தால் போச்சு. இரண்டாவது, அவன் தொழிலில் அது பெரிய குற்றம். தன் உதவியாளர்களுக்கு அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான்: "மூடியை எவன் வேணாலும் திறப்பான்டா. எப்பத் திறக்கணும்னு தெரிஞ்சவன்தான் டைரக்டர்."

அதனால் மூடியை விட்டுவிட்டுத் தரையைப் பார்த்தான். மண்ணில் கால்தடம் இருந்தது. செருப்பில்லாத கால். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை. தோட்டத்தில் மடத்து வேலைக்காரன் சுடலைமுத்து கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தான். கலியமூர்த்தியைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டான்.

ஏன் குனிந்தான்?

"இந்தப் பக்கம் காலைல யாராவது வந்தாங்களா?"

"நான் கவனிக்கல சார்."

சரி, இவன் மேல் ஒரு கண் வைக்க வேண்டியதுதான். அங்கிருந்து சமையல்கட்டுக்குப் போனான். பிச்சம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"என் வாசல்ல ஒரு தூக்குச்சட்டி இருக்கு."

"ஆமா?"

"ஆமாவா? உனக்கு எப்படித் தெரியும்?"

"இப்பதான நீங்க சொன்னீய."

மடக்கிவிட்டாள். கெட்டிக்காரி.

"தெறந்து பாத்தீயளா?" என்று கேட்டாள்.

"திறக்கக் கூடாது," என்றான் கலியமூர்த்தி, குரலைத் தாழ்த்தி.

பிச்சம்மாள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு அரிசிக்குத் திரும்பினாள்.

அன்று பகல் பூராவும் கலியமூர்த்திக்கு வாழ்க்கையில் அத்தனை ருசி. வராந்தாவில் நடந்தான். சுவரில் சாய்ந்து யோசித்தான். சுடலைமுத்துவா, பிச்சம்மாளா, இல்லை வெளியாளா? வெளியாள் என்றால் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டிருக்குமே? மத்தியானச் சோற்றில் என்ன குழம்பு ஊற்றினார்கள் என்றே தெரியாமல் சாப்பிட்டான். பூரணி, கோலம், பால்வண்ணம், ஒருவர் நினைப்பும் அன்றைக்கு வரவில்லை. சாயங்காலம் குளித்துவிட்டு வந்து பார்த்தால் தூக்குச்சட்டியைக் காணோம்!

உடம்பு புல்லரித்தது. இடைவேளை என்றால் இதுவல்லவா இடைவேளை.

புதன்கிழமை இருட்டுப் பிரிவதற்குள் எழுந்து, பின்பக்கமாக வெளியே வந்து, விறகு அடுக்கின் மறைவில் உட்கார்ந்துகொண்டான். கொசு பிடுங்கித் தின்றது. வாசலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கிழக்கு வெளுத்தது. யாரோ வரும் சத்தம் கேட்டது. ஒளிந்து மறைந்து வருகிற நடை இல்லை. பாட்டை முணுமுணுத்துக்கொண்டு, ஓரிடத்தில் நின்று தும்மி, மூக்கைத் துடைத்துக்கொண்டு, உலகம்மை வந்தாள். கையில் தூக்குச்சட்டி. வாசலில் வைத்தாள். துண்டை மடித்து மேலே போட்டாள்.

கலியமூர்த்தி பாய்ந்து வெளியே வந்தான்.

"நீங்களா!"

"ஆமா, நாந்தான்."

"நேத்தும்?"

"நேத்தும் நாந்தான். சாயங்காலம் வந்து பாத்தா அப்படியே இருந்துது. கெட்டுப் போயிருந்துது, மாட்டுத் தொட்டியில கொட்டிட்டேன்."

"எதுக்காக வச்சீங்க?"

"காலையில பசிக்கும்லா? புதுசா வாறவுகளுக்கு நாந்தான் வைப்பேன்."

"அவ்வளவுதானா?" என்றான் கலியமூர்த்தி.

அந்த வார்த்தை வாயிலிருந்து விழுந்ததும் அவனுக்கே காது கூசியது. அது கோபமாகத் திரும்பியது.

"ஒரு நாள் பூரா நாசமாப் போச்சும்மா! நாளைக்கு வியாழக்கிழமை. என் படம் அங்க செத்துக்கிட்டிருக்கு. நான் இங்க உக்காந்து சட்டிக்குக் காவல் காத்துக்கிட்டிருக்கேன். வழி சொல்லுவீங்கன்னு வந்தேன். வேலைக்காரனைச் சந்தேகப்பட்டு, சமையக்காரம்மாவை விசாரிச்சு, கோமாளி ஆனதுதான் மிச்சம். பசிச்சா சாப்பிடுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வச்சிருக்கக் கூடாதா?"

"மூடியைத் தெறக்க ஒரு ஆளா சொல்லணும்?"

"வேண்டாம்! உங்க சாப்பாடே எனக்கு வேண்டாம். இந்தச் சட்டியை என் கையால தொட மாட்டேன். இது சத்தியம்!"

அவன் போட்ட சத்தத்தில் தோட்டத்துக் காகங்கள் கலைந்து பறந்தன.

உலகம்மை வாசலுக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முழங்கையை முட்டியில் ஊன்றி, கன்னத்தைக் கையில் தாங்கிக்கொண்டாள்.

"என்ன பார்க்கறீங்க?"

"தொடுவீயளா மாட்டீயளான்னு பாக்கேன்."

கலியமூர்த்தியும் விடவில்லை. வாசற்படியில் தொப்பென்று உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருவருக்கும் நடுவில் தூக்குச்சட்டி.

சத்தம் கேட்டுப் பிச்சம்மாள் ஈரக்கையோடு வந்தாள். வந்தவள் உலகம்மைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுடலைமுத்து மண்வெட்டியோடு வந்து நின்றான். பால்காரர் இசக்கி மோட்டார் சைக்கிளில் கேன்களோடு உள்ளே வந்தவர், வண்டியை ஓரங்கட்டினார்.

"என்னக்கா கூட்டம்?" என்று பிச்சம்மாளிடம் கேட்டார்.

"அம்மா சாப்பாடு கொண்டாந்து வச்சாவ. இவுக தொட மாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டாவ."

"அப்படியா! எப்பலேர்ந்து?"

"இப்பதான்."

"நல்ல வேளை," என்று சொல்லி இசக்கி வண்டிக்கு ஸ்டாண்டு போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கலியமூர்த்திக்கு எரிச்சல் உச்சந்தலைக்கு ஏறியது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாமா? போனால் தோற்ற மாதிரி. திறக்கலாமா? சத்தியம் பண்ணித் தொலைத்தாயிற்று. அந்த நேரம் பார்த்து மூடியின் ஓரத்திலிருந்து நல்லெண்ணெய் வாசனையும் கருப்பட்டி வாசனையும் கிளம்பி நேராக மூக்குக்கு வந்தன. வயிறு 'கடமுட' என்று சத்தம் போட்டது.

"அடடா," என்றான் சுடலைமுத்து.

"தொட்டுருவாரு," என்று இசக்கி கிசுகிசுத்தார்.

"மாட்டாரு. கோவக்காரரு," என்றாள் பிச்சம்மாள்.

முழங்காலில் கொசு கடித்தது. அடிப்பதற்காகக் கலியமூர்த்தி கையை நீட்டினான். எதிரே இருந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் முன்னால் சாய்ந்தார்கள். கொசுவை அடித்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டான். நாலு பேரும் மூச்சை விட்டுப் பின்னால் சாய்ந்தார்கள்.

கலியமூர்த்தி முதல் தடவையாக அவர்கள் முகத்தைப் பார்த்தான்.

"யோவ், சுடலை. பாத்தி நெறஞ்சு தண்ணி வெளிய ஓடுது," என்றார் இசக்கி, கண்ணைச் சட்டியிலிருந்து எடுக்காமலே.

"ஓடட்டும்."

மேலே ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது. இசக்கியின் கேன்கள் அந்த பஸ்ஸில்தான் தென்காசிக்குப் போக வேண்டும். பஸ் நின்றது. இன்னொரு தடவை ஹார்ன் அடித்தது. கிளம்பியும் போய்விட்டது. இசக்கி தலையைத் திருப்பவில்லை.

"உங்க பஸ் போயிடுச்சு," என்றான் கலியமூர்த்தி.

"அடுத்ததுல பாத்துக்கிடலாம் சார்."

"எதுக்காக இப்படி உக்காந்திருக்கீங்க எல்லாரும்? இதுல என்ன இருக்கு? யார் வச்சதுன்னுதான் தெரிஞ்சு போச்சே!"

"அது தெரிஞ்ச சங்கதிதான," என்றார் இசக்கி. "நீங்க என்ன செய்வீயன்னு தெரியலயே."

கலியமூர்த்தி படியில் நேராக உட்கார்ந்தான்.

நாலு முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். இமைகூடத் தட்டாத நாலு முகம். இருபது வருஷம் இருட்டில் பின் வரிசையில் நின்று, இப்படி ஒரு முகம் கிடைக்காதா என்று ஏங்கியவன் அவன்.

குனிந்து துண்டை எடுத்தான். பிச்சம்மாள் இசக்கியின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மூடியைத் திருகினான். ஆவி முகத்தில் அடித்தது. உள்ளே உளுந்தங்களி, கறுப்பாக, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றி இருந்தது. ஒரு விரலால் தொட்டு வாயில் வைத்தான்.

"நான் சொல்லல?" என்று இசக்கி துள்ளி எழுந்தார்.

சுடலைமுத்து தண்ணீரை மறிக்க ஓடினான். பிச்சம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். எதற்குத் துடைத்தாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது. இசக்கி வண்டியை உதைத்துக் கிளப்பினார்.

உலகம்மை மட்டும் இருந்தாள். கலியமூர்த்தி சாப்பிட்டான். கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"இனிப்பு போதுமா அண்ணாச்சி?"

தலையாட்டினான். பிறகு கேட்டான்.

"நான் திறக்காம உள்ள போயிருந்தா?"

"நாளைக்கும் வச்சிருப்பேன்."

"நாளைக்கும் தொடலன்னா?"

"நாளான்னைக்கு."

"எத்தனை நாளைக்கு?"

உலகம்மை சிரித்துக்கொண்டே எழுந்து சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள். "நீங்க ஒங்க பக்கத்து வேலையைப் பாருங்க. என் பக்கத்து வேலை எனக்குத் தெரியும்."

வாய்க்குப் போன கவளம் பாதியில் நின்றது.

கலியமூர்த்தி எச்சில் கையோடு எழுந்தான். சட்டியைத் தாண்டி, தோட்டத்தைத் தாண்டி, செருப்புக்கூடப் போடாமல் மேலே ரோட்டுக்கு ஓடினான். இடது கையால் போனை எடுத்துப் பால்வண்ணத்தைக் கூப்பிட்டான்.

"அண்ணே! கோலம் யார் போட்டதுன்னு தெரிஞ்சு போச்சு!"

"அப்பாடா. யாருய்யா?"

"எதிர்வீட்டுக்காரி."

"அவ எதுக்குய்யா போடணும்?"

"பூரணி புருஷனை அடிச்சது அவ புருஷன் ஓட்டின வேன். அவன் ஜெயில்ல இருக்கான். அவ தன் வீட்டு வாசல்ல கோலம் போடறதை நிறுத்திட்டா. தெருவைத் தாண்டி வந்து பூரணி வாசல்ல போட்டுட்டுப் போறா."

பால்வண்ணம் கொஞ்சம் யோசித்தார்.

"நல்லாத்தான்யா இருக்கு. ஆனா இதைக் கடைசி வரைக்கும் மூச்சு விடாம மறைக்கணும். போலீஸ்காரன் ஒருத்தன், சித்தப்பா ஒருத்தன்னு ரெண்டு மூணு பேர் மேல சந்தேகத்தைத் திருப்பி விடு..."

"மறைக்கலண்ணே. முதல் நாளே காட்டிடறோம். பூரணி கதவைத் திறக்கறா. எதிர்வீட்டுக்காரி வாசல்ல குனிஞ்சு போட்டுக்கிட்டிருக்கா. நிமிர்ந்து பார்க்கறா. ரெண்டு பேருக்கும் ரெண்டு பேரையும் தெரியும்."

"யோவ்! அப்ப அந்தக் கட்டிலைச் சுத்திக் கோலம்?"

கலியமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டான். அந்தக் காட்சியைச் சொல்லித்தான் பால்வண்ணத்திடம் படம் வாங்கினான். அதைச் சொல்லாத ஆள் இல்லை, அதைக் கேட்டு ஐயோ என்னாத ஆளும் இல்லை. மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

"அது வேண்டாம்ணே. எடுத்துடலாம்."

"அதுதானேய்யா இடைவேளை! பைத்தியம் பிடிச்சிருச்சா உனக்கு? அந்தம்மா என்ன கொடுத்துத் தொலைச்சாங்க? யாரு போட்டான்னு முதல்லயே சொல்லிட்டா, அப்புறம் எதுக்குய்யா ஜனம் உக்காந்திருக்கும்?"

"அண்ணே, இதை மட்டும் கேளுங்க. கேட்டுட்டு நீங்க வேற ஆளையே வச்சுக்கங்க, நான் ஒண்ணும் சொல்லல."

"சொல்லித் தொலை."

"பூரணி தினமும் தண்ணி ஊத்திக் கழுவிடறா. அவ தினமும் வந்து போடறா. ஒரு வார்த்தை பேச்சுக் கிடையாது. ஒருநாள் தெருக் குழாய்ல தண்ணி வரல. கழுவ முடியாது. பூரணி கோர்ட்டுக்குப் போகணும், அன்னிக்குத்தான் அந்த வேன் கேஸ்ல பூரணி சாட்சி சொல்ற நாள். கதவைத் திறக்கறா. குறுகலான வாசல்ணே. படிக்கட்டுலேர்ந்து தெரு வரைக்கும் அடைச்சுக் கோலம். எதிர்வீட்டு வாசல்ல அவ நிக்கறா. தெருவுல இருக்கிற ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் ஆள் நிக்கறாங்க. பூரணி அவளைப் பார்க்கறா. கோலத்தைப் பார்க்கறா. காலைத் தூக்கறா..."

மூச்சு வாங்க நிறுத்தினான் கலியமூர்த்தி.

மறுமுனையில் சத்தமே இல்லை. டவர் போய்விட்டதோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். லைன் இருந்தது. திரும்பக் காதில் வைத்தான்.

"யோவ்," என்றார் பால்வண்ணம். குரல் இறங்கிப் போயிருந்தது. "மிதிச்சாளா, தாண்டுனாளா?"